எட்டு அங்குலச் சதுரம்

11 பிப்ரவரி 1961, சனி

காலையில் பனி, ஒன்பது மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். பழைய நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. ஆக இது புது நோட்டு. எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதித் தொலைக்கிறேன்.

செய்ய வேண்டியவை:
வெள்ளை நூல்கண்டு, இருபதாம் நம்பர், ஆறு.
பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சருக்கு ரேடியோ உறை. முன்பக்கம் பாக்கி.
கிணற்றுக் கயிறு மாற்ற வேண்டும். அப்பாவிடம் மூன்றாம் தடவை சொல்ல.
ரோ.வுக்குக் கார்டு.

ரோ. என்றால் ரோசி, என் தங்கை. மெட்ராஸில் நர்ஸ் படிப்பு, மூன்றாம் வருஷம், முடியப்போகிறது. அவள் போகும்போது செய்துகொண்ட ஏற்பாடு: எங்கள் இரட்டைக் கட்டிலுக்குக் குரோஷா விரிப்பு. எட்டு அங்குலச் சதுரம் எண்பது. நடுவில் ஆறிதழ் ரோஜா, சுற்றி வலை. ஆளுக்கு நாற்பது. அவள் படித்து முடித்துத் திரும்பும்போது எண்பதையும் சேர்த்து விரித்துவிட வேண்டும். என்னுடையது 31. அவளுடையது 19. கழுதை.

அம்மாவுக்குச் சீராக வந்த கட்டில். அம்மா இறந்தபோது ரோ.வுக்கு ஐந்து வயது, எனக்குப் பதினாறு. அன்றிலிருந்து சுவர்ப்பக்கம் அவள், வாசல்பக்கம் நான். மூன்று வருஷமாக என் பாதியில் மட்டும் படுக்கிறேன். அவள் பாதியில் மடிக்காத துணி.

15 பிப்ரவரி, புதன்

சாம்பல் புதன். தபசுக்காலம் முடிந்து பாஸ்குத் திருநாள் வரும்வரை காப்பி கிடையாது. நேர்ச்சை: ரோ.வுக்கு இங்கே திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரியிலேயே வேலை கிடைக்க வேண்டும்.

பதினோரு மணிக்கே தலைவலி. நெற்றியில் சாம்பலோடு எட்டாம் வகுப்பைத் தையல் பீரியடில் கத்தித் தீர்த்தேன். குரோஷாவில் சங்கிலி போடச் சொன்னால் கயிறு திரிக்கிறார்கள். "டீச்சர் இன்னிக்கு ஆகாரம் இல்ல போல" என்று பின் பெஞ்சில் ஒருத்தி. கேட்டது. கேட்காததுபோல் இருந்தேன்.

பெரிய டீச்சர் ரேடியோ உறையை எட்டிப் பார்த்தார். திராட்சைக்கொடி போட்டிருக்கிறேன். சிறு வயதில் மடத்தில் பீடத்துணிக்குப் போடக் கற்றது.

"ஏன் டீச்சர், பூசையில விரிக்கிற திராட்சைக்கொலைய ரேடியோவுக்குப் போடலாமா? உள்ள சினிமாப் பாட்டுல்ல பாடும்?"

"ஞாயித்துக்கிழம மட்டும் திருப்பிப் போட்டுக்கங்க" என்றேன். சிரித்தார், நல்லவேளை.

18 பிப்ரவரி, சனி

ரோ.விடமிருந்து பார்சல்! பழைய பேப்பரில் சுற்றி நாலு சதுரம், ஒரு துண்டுச் சீட்டு. "அக்கா, நலம். நைட் டூட்டி. பரீட்சை வேற நெருங்குது. இத்தோட இருபத்தி மூணு. திட்டாதே. அப்பா கால் வலி எப்படி?"

மூன்று வரியில் ஒரு மாதத்தை முடித்துவிட்டாள். பரவாயில்லை. சீட்டு பொய் சொல்லும், கை சொல்லாது. ஸ்கேல் வைத்து அளந்தேன்.

முதலாவது: எட்டு. சீரான கை. ஏதோ நல்ல நாளில் போட்டது.
இரண்டாவது: ஏழேகால். நூலை வெட்டு வெட்டென்று இழுத்திருக்கிறாள். ஊசி நுழைய இடமில்லை.
மூன்றாவது: எட்டரை. தொளதொள. தூக்கக் கலக்கம்.
நாலாவது: எட்டுதான், ஆனால் ஓரத்தில் ஒரு டிரிபிள் பின்னல் கூடுதல். நினைப்பு எங்கேயோ.

அந்த ஏழேகாலைத்தான் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கிறேன். மனசு இறுகினால் நூல் இறுகும். இது வகுப்பில் நான் தினமும் சொல்வது. பிள்ளை ஏதோ துக்கத்தில் இருக்கிறாள். அங்கே அவளுக்குப் பிடிக்கவில்லை. வீட்டு நினைப்பு.

ஆண்டவர் மன்னிக்கட்டும், எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

21 பிப்ரவரி, செவ்வாய்

வகுப்பில் பிள்ளைகள் என் கண்ணைக் கட்டி விளையாட்டு. பதினாறு பேர் போட்ட லேஸ் துண்டு, தொட்டே ஆள் சொல்ல வேண்டும். பதினாறும் சொன்னேன். "யாத்தே!" என்று கூச்சல். பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு டீச்சர் வந்து முறைத்துவிட்டுப் போனார்.

பெருமையாகத்தான் இருந்தது. இதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

1 மார்ச், புதன்

தண்ணீர் வண்டி வரவில்லை. கிணற்றில் வாளி தட்டுகிறது. கயிறு மாற்றியாச்சு.

அப்பா வேலை பார்க்கும் மண்டியிலிருந்து சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு கொண்டுவந்தார். தோல் கறுத்தது. கறுத்தால்தான் ருசி என்று எப்போதும்போல் உபதேசம். நல்ல நேரம் பார்த்து ஏழேகாலை எடுத்துக் காட்டினேன்.

"ரோசி அங்க சரியில்லப்பா."

"யாரு சொன்னா?"

"இத பாருங்க. எம்புட்டு இறுக்கம்."

கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிப் பார்த்தார். "நூலப் பாத்துக் குறி சொல்றியா? நீ என்ன கோடாங்கியா?"

"அவ ஒரு தடவகூட இப்பிடிப் போட்டதில்ல."

"அதான் நல்லாருக்கேன்னு எழுதிருக்கால்ல. ஏத்தா ஞானம், அவ நல்லாருக்கான்னா ஒனக்கு ஏன் நம்ப முடியல?"

ஒரு பழத்தை உரித்தேன். பழம் நன்றாகத்தான் இருந்தது.

6 மார்ச், திங்கள்

புதிதாகக் கல்யாணமான அறிவியல் டீச்சருக்குக் கைப்பை முடித்தேன். மடத்து அன்னாசிப் பின்னல், கறுப்பு நூல், உள்ளே பச்சைப் பட்டுத் துணி, மூங்கில் வளையம் கைப்பிடி. மெட்ராஸ் கடையில்கூடக் கிடைக்காது என்றார்கள். ஆளுக்கொரு தடவை தோளில் மாட்டி நடந்து காட்டினார்கள். எனக்கும் மாட்டிப் பார்க்க ஆசை. டீச்சர் ஆயிற்றே, மாட்டவில்லை.

ரோ.வுக்கு இந்த வாரம் இரண்டாவது கார்டு. "எத்தனை ஆச்சு?"

10 மார்ச், வெள்ளி

அப்பாவின் கால் மருந்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி. கம்பவுண்டர் எங்கள் கோவில் பங்குக்காரர். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"ஏப்ரல்ல ஒரு நர்ஸ் இடம் காலியாகுது டீச்சர். மெட்ராஸ்ல இருந்துதான் ஆள் போடுவாக. ஒங்க தங்கச்சி எழுதிப் போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு." போட்டாளா என்று எனக்கே தெரியாது.

திரும்பும் வழியில் கோவிலில் மெழுகுவர்த்தி. ஒன்று போதாது என்று தோன்றி இன்னொன்று. காப்பி வாசனை எந்த வீட்டிலிருந்தோ. மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

14 மார்ச், செவ்வாய்

ஐந்து சதுரம். மொத்தம் 28. இரண்டு ஏழேகால்!

அதில் ஒன்றில் நூல் அறுந்து முடிச்சு போட்டிருக்கிறது. இழுத்த இழுப்பில் அறுந்திருக்கிறது. என்ன நினைத்து இழுத்தாளோ. என்னிடம் சொல்ல முடியாத அளவுக்கு என்ன? அந்தச் சதுரத்தை வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டுத் தாயம்மா வாழைநாருக்கு வந்தவள் பார்த்துவிட்டாள். பூக்கட்டுகிறவள், வாய் சும்மா இருக்காது.

"என்ன டீச்சரம்மா, வெங்காயமா?"

"ஆமா."

"இன்னும் உரிக்கவே இல்லையே?" நாரை எடுத்து இடுப்பில் செருகினாள். பிறகு, "வந்துருவா. எங்க போயிறப் போறா?" என்றாள். தாயம்மாவிடம் நான் ஒன்றுமே சொன்னதில்லை.

எனக்கு ரோ. வேண்டும். அவ்வளவுதான். கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன நாளில்கூட எனக்கு எதுவும் குறையாகத் தெரியவில்லை, அவள் சுவர்ப்பக்கம் படுத்துக் காலை என் மேல் போட்டுக்கொண்டிருந்தாள். உதைப்பாள், நன்றாக உதைப்பாள்.

22 மார்ச், புதன்

கார்டு! "பரீட்சை முடிந்தது. பாஸ்குவுக்கு வாரேன். ஒண்ணாம் தேதி சனிக்கிழமை காலை ரயில். வேலை விஷயம் நேரில். அக்கா, கோபப்படாதே."

எதற்குக் கோபம்? சதுரம் குறைவு என்றா? பைத்தியம்.

பட்டியல்:
அறைக்கு வெள்ளையடிக்க ஆள்.
தலையணை உறை புதுசு, ஓரத்துக்கு லேஸ் (என்னிடம் இருக்கிறது).
கட்டிலில் இருக்கும் துணியை மடித்துத் தொலைக்க.
முறுக்கு மாவு.
சதுரம், முடிந்தவரை.

31 மார்ச், வெள்ளி

பெரிய வெள்ளி. உபவாசம். வெயில் தாங்கவில்லை. சிலுவைப்பாதையில் நடக்கும்போது மனசு நாளைய ரயிலில். ஆண்டவர் உயிர்விடும் பன்னிரண்டாம் ஸ்தலத்தில்கூட. என்னுடையது 38 ஆச்சு.

1 ஏப்ரல், சனி

வந்துவிட்டாள். மெலிந்திருப்பாள் என்று நினைத்தேன். குண்டாகி வந்திருக்கிறாள்! ஸ்டேஷனிலேயே அப்பாவின் கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்து, "உப்பக் குறைங்கப்பா" என்று அதிகாரம். அப்பா சரி என்றார். நான் ஐந்து வருஷமாகச் சொல்வது.

குளித்தாள், சாப்பிட்டாள், கட்டிலில் விழுந்தாள், தூங்கினாள். சுவர்ப்பக்கம்தான்.

2 ஏப்ரல், ஞாயிறு

பாஸ்கு. பூசை முடிந்து வந்து நாற்பத்தாறு நாளைக்குப் பிறகு காப்பி. இரண்டு டம்ளர். மத்தியானம் கறிச்சோறு, அப்பா வாசல் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துவிட்டார். நானும் ரோ.வும் சதுரங்களைக் கட்டிலில் பரப்பினோம். அறுபத்தாறு. ஏழேகால்களைத் தனியே எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"என்னடி துக்கம் ஒனக்கு? இப்பவாச்சும் சொல்லு."

"எனக்கென்ன துக்கம்?"

"பொய் சொல்லாத. உன் கையத் தெரியாதா எனக்கு?"

அவள் சதுரங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர.

"அக்கா, கோவிச்சுக்காத. இதுல ஒண்ணுகூட நான் போட்டது இல்ல."

விளங்கவில்லை.

"பொங்கலுக்கப்புறம் நான் ஊசியையே தொடலக்கா. பகல்ல வகுப்பு, ராத்திரி டூட்டி. நீயானா எத்தன ஆச்சு, எத்தன ஆச்சுன்னு கார்டு மேல கார்டு. ரூம்ல நாலு பேரு. அவுகதான் பாவப்பட்டு ஆளுக்கு ஒண்ணு ரெண்டு போட்டுக் குடுத்தாக. இந்தத் தொளதொள அன்னம்மா. டிரிபிள் கூடுதலா இருக்கிறது சரோஜா, அவளுக்கு எண்ணவே வராது. நேரா இருக்கிறது எங்க சீனியர் அக்கா."

"இது?" ஏழேகால்.

"அது ருக்மணி."

கண்ணைக் கட்டிவிட்டுப் பதினாறு பேரின் கையைச் சொன்னவள் நான். நாலு பெண்களின் கையை எடுத்து வைத்துக்கொண்டு ஒருத்தியின் நாலு மனநிலை என்று ஒன்றரை மாதம் அழுதிருக்கிறேன். சிரிப்பு வந்தது எனக்கும். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பா வாசலிலிருந்து, "என்னத்தா?" என்றார்.

சிரிப்பு அடங்கிய பிறகு ரோ. சதுரங்களைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்.

திண்டுக்கல் வேலை அவளுக்குத்தான் வந்ததாம். உத்தரவு கைக்கே வந்ததாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். டெல்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. பத்தாம் தேதி சேர வேண்டும்.

"திண்டுக்கல்லுக்கு அடுத்த பேரு ருக்மணியோடதுக்கா. நான் விட்டாத்தான் அவளுக்கு. அவளுக்கு ஒட்டன்சத்திரம். புருசன் செத்துட்டாரு. நாலு வயசுப் பிள்ளை மாமியார்கிட்ட இருக்கு. மூணு வருசத்துல அஞ்சு தடவதான் பாத்திருக்கா. இங்க வந்தா வாராவாரம் பஸ்ல போயிரலாம். ராத்திரி பிள்ளை போட்டோவ எடுத்து வச்சுக்கிட்டு இதத்தான் பின்னிக்கிட்டு இருப்பா. அழுறதுக்குப் பின்னுறதே நல்லதுன்னு நான்தான் நூலக் குடுத்தேன்."

ஏழேகால்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். பிறகு கேட்டேன்: "ருக்மணிக்காக டெல்லிக்குப் போறியா, டெல்லிக்குப் போகணும்னு ருக்மணியச் சொல்றியா?"

ரோ. பொய் சொல்லப் பழகவில்லை. "ரெண்டுந்தாங்க்கா" என்றாள்.

3 ஏப்ரல், திங்கள்

அவளோடு பேச்சு இல்லை. காப்பியை டங்கென்று வைத்தேன். வெஞ்சனத்தில் உப்பில்லை, யாரும் சொல்லவில்லை.

ரோ. பின்னாலேயே வந்தாள். கிணற்றடி, அடுப்படி, கொல்லை. "அக்கா. அக்கா. ஏக்கா." சின்னதில் மண்ணெண்ணெயைக் கொட்டிவிட்டு இப்படித்தான் வருவாள்.

சாயந்தரம் அப்பா கூப்பிட்டார். "ஞானம், இங்க உக்காரு. நீ அன்னிக்கி ஒரு துணியக் காட்டுன. எம்புட்டு இறுக்கம்னு. நான் கோடாங்கின்னு கேலி பண்ணுனேன். அந்தப் பிள்ளைக்கு நெசமாவே வேதனை இருந்துருக்குல்ல?"

"நம்ம பிள்ளைன்னுல்ல நெனச்சேன்."

"அதுவும் ஒருத்தி பெத்த பிள்ளைதான்."

அழுகையை அடக்கிக்கொண்டு, "எனக்கு மட்டும் என்ன மிச்சம்?" என்று கத்திவிட்டேன். அப்பாவிடம் அப்படிக் கத்தியதே இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். ரோ. நிலைப்படியில் நின்று கேட்டாள். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். அதற்கப்புறம் வெட்கம்.

4 ஏப்ரல், செவ்வாய்

பேச்சு வந்துவிட்டது. முறுக்கு சுற்றும்போது, யார் முதலில் என்று தெரியவில்லை. டெல்லியில் குளிர் என்றாள். உல்லன் நூல் வாங்கிக் காதை மூடுகிற தொப்பி ஒன்று போட்டுத் தருகிறேன் என்றேன். "வேணாங்க்கா, அங்கேயே கிடைக்கும்." உடனே என் முகத்தைப் பார்த்து, "சரி, போடு, போடு. சிவப்புல போடு."

மத்தியானம் ஊசியைக் கையில் கொடுத்து ஒரு சதுரம் போடச் சொன்னேன். ரோஜாவின் மூன்றாம் இதழில் நின்றுவிட்டாள். எப்படித் திரும்புவது என்று மறந்துவிட்டதாம். காட்டிக் கொடுத்தேன். இன்னொரு இதழ். கொட்டாவி. அப்படியே தூங்கிவிட்டாள். காலை என் மேல் போட்டாள். எடுத்துவிடவில்லை.

5 ஏப்ரல், புதன்

ரயில் நாற்பது நிமிஷம் தாமதம். அந்த நாற்பது நிமிஷமும் எனக்குக் கிடைத்தது. என்ன பேசினோம் என்று எழுத உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை: பெட்டிச் சாவி, கூஜா, யாரோ ஒரு குழந்தையின் சொறி. பழக்கூடையை ஜன்னல் வழியே கொடுத்தேன். வண்டி நகரும்போது, "அக்கா, ருக்மணி வருவா. திட்டாத" என்றாள்.

14 ஏப்ரல், வெள்ளி

வெக்கை. வருஷப்பிறப்பு, பள்ளிக்கூடம் விடுமுறை. தாயம்மா பாயசம் கொடுத்தாள். டெல்லியிலிருந்து கார்டு இன்னும் இல்லை. வராது, தெரியும், இருந்தாலும் தபால்காரரை இரண்டு தடவை பார்த்தேன். எண்பதுக்குப் பதினாலு குறைகிறது. இனி எதற்கு என்று பெட்டியில் போட்டேன்.

17 ஏப்ரல், திங்கள்

பெட்டியிலிருந்து எடுத்தேன். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

22 ஏப்ரல், சனி

கார்டு வந்தது. சேர்ந்துவிட்டாளாம். வார்டில் எல்லாரும் இந்தி. "தண்ணீர்" என்பதற்கு மட்டும் கற்றிருக்கிறாள். சந்தோஷமாக இருக்கிறாள். எழுத்திலேயே தெரிகிறது, இதற்குக் கோடாங்கி வேண்டாம்.

ஒரு சதுரம் முடித்தேன். 39.

23 ஏப்ரல், ஞாயிறு

பூசை முடிந்து வந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ அப்பாவிடம்: "ஏனுங்க, ரோசி வீடு இதுதானுங்களா?"

ஒல்லியாக, உயரமாக ஒரு பெண். இடுப்பில் குழந்தை, அந்த வயதுக்கு இடுப்பில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, வைத்திருந்தாள். "நானுங்க, ருக்மணிங்க, இங்க ஆஸ்பத்திரில சேந்துட்டனுங்க. இது செல்வி. மாமியாகிட்டக் கேட்டு ரெண்டு நாளைக்குக் கூட்டியாந்தனுங்க."

இந்த ஆளைத் திட்ட வேண்டும் என்று மூன்று வாரமாக வசனம் வைத்திருந்தேன். "உள்ள வாங்க" என்றேன்.

மோர் குடித்தார்கள். குழந்தை ரேடியோ உறையின் மிச்சத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கல்யாணப் பெண்ணாக நடந்தாள். அப்பா அவளுக்குப் பழம் உரித்துக் கொடுத்தார், கறுத்தால்தான் ருசி என்று உபதேசத்தோடு. ருக்மணி அந்தப் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என்னோடு பேசும்போதும் கண் அங்கேதான். போகும்போது பையிலிருந்து எடுத்தாள்.

"ரோசி சொன்னாங்க, நீங்க நான் போட்டதையெல்லாம் பாத்து அழுதீங்கன்னு. மனசுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. இந்த வாரம் உக்காந்து ஒண்ணு போட்டனுங்க. பத்தலைன்னா இன்னும் போட்டுத் தாரனுங்க." கொஞ்சம் தயங்கி, "ஸ்கேல் வச்சு அளப்பீங்கன்னாங்க" என்றாள்.

"அதெல்லாம் இல்ல" என்றேன்.

பஸ் ஸ்டாண்டு வரை போய் ஒட்டன்சத்திரம் வண்டியில் ஏற்றிவிட்டேன். குழந்தை ஜன்னலில் கை ஆட்டியது. அவள் ஆட்டவில்லை, அவள் இரண்டு கையும் குழந்தையின் இடுப்பில்.

வந்து கதவைச் சாத்திக்கொண்டு அளந்தேன். எட்டு. நாலு பக்கமும் எட்டு. நூல் தளர்ந்து, இதழ் விரிந்து, ஊசி தாராளமாக நுழைகிறது.

நேற்று நான் முடித்ததை எடுத்து அதன் மேல் வைத்தேன். நாலு பக்கமும் அவளுடையது வெளியே தெரிந்தது. இழுத்து நீவிவிட்டு மறுபடி வைத்தேன். ஸ்கேலை எடுத்தேன். ஏழேகால்.